சகாயிங் மிதந்த கதை

2018 மார்ச் 22ஆம் திகதி திருகோணமலைத் துறைமுகத்தில் 75 வருடமாகக் கடலடியில் கிடந்த கப்பலொன்று மிதந்தது. பெயர் சகாயிங். 1942 ஏப்ரல் 9இல் யப்பானிய விமானங்கள் குண்டு போட்டு எரித்த பிரித்தானியக் கப்பல். இறங்குதுறையாகவாவது உதவட்டும் என்று மறுவருடம் அங்கேயே அமிழ்த்திவிட்டார்கள்.

கிளப்பியவர்கள் இலங்கைக் கடற்படையின் கிழக்குக் கட்டளைச் சுழியோடிகள். மாதக்கணக்கில் வேலை. கப்பல் கிடந்தது சுமார் பத்து மீற்றரில்தானே, அது ஓர் ஆழமா என்று கேட்பீர்கள். அங்கே உடம்பை அழுத்தும் அழுத்தம் கரையில் உள்ளதைப் போல இருமடங்கு! சேறு கிளம்பினால் நீட்டிய கைகூடத் தெரியாது. துருப்பிடித்த தகடு எங்கே முடிகிறது, ஓட்டை எங்கே தொடங்குகிறது என்பதை விரலால் தடவித்தான் அறிய வேண்டும். சிதைந்த பக்கத்துக்குச் செயற்கைச் சுவர் அடைத்து, உள்ளே நின்ற நீரைப் பம்பி போட்டு வெளியேற்றினார்கள். கிணறு இறைக்கிற வேலைதான். கிணற்றின் நீளம்தான் 452 அடி.

மேலே வருவதிலும் அவசரம் ஆகாது. சிலிண்டர் காற்றைச் சுவாசித்தவர் மூச்சை அடக்கிக்கொண்டு எழுந்தால், உள்ளே காற்று விரிந்து நுரையீரலையே கிழித்துவிடும்.