கணினிக்கு நேரம் சொல்வது யார்?



சில ஆண்டுகளுக்கு முன்னர், நகைகளை அடைவு பிடிக்கும் நிலையம் ஒன்றில் நான் நேரிற் கண்ட சிறு நிகழ்ச்சி ஒன்றோடு இப்பேச்சைத் தொடங்குகின்றேன். நீண்ட விடுமுறை கழிந்து அந்நிலையம் திறந்த முதல் நாள் அது. வயது முதிர்ந்த அம்மையார் ஒருவர் தமது காப்புச் சோடியை அடைவு வைக்க வந்திருந்தார். எழுதுவினைஞர் கணினியை இயக்கிப் பற்றுச்சீட்டை அச்சிட்டு அவர் கையிற் கொடுத்தார். அம்மையார் மூக்குக்கண்ணாடியை அணிந்துகொண்டு அச்சீட்டை ஊன்றிப் பார்த்தார். பின்னர், "தம்பி, இந்தத் திகதியிலே நான் இந்தக் காப்பைச் செய்விக்கவே இல்லையே!" என்றார்.

எல்லோரும் சிரித்தோம். ஆனால் அது சிரித்துவிட்டு விடக்கூடிய செய்தியன்று. சீட்டிலே பத்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழைய திகதி ஒன்று பொறிக்கப்பட்டிருந்தது. அடைவுக்கு வட்டி நாட்கணக்கில் ஏறுவது. அந்த அம்மையார் எழுத்தறியாதவராகவோ, அவசரக்காரராகவோ இருந்திருந்தால், மீட்க வரும் நாளில் அந்தப் பத்தாண்டு வட்டிக்கும் அவர் வழக்குப் பேசவேண்டி வந்திருக்கும். மனிதர் எவரும் பொய் எழுதவில்லை. கணினி தனக்குக் கூறப்பட்ட நேரத்தை நம்பியது, அவ்வளவே. அப்படியாயின், கணினிக்கு நேரம் சொல்வது யார்?

நாம் உறங்கி எழுந்ததும் சுவரிலுள்ள மணிக்கூட்டைப் பார்க்கின்றோம். உறக்கத்திலே எத்தனை மணி கழிந்ததென்பது நமக்குத் தெரியாது. மணிக்கூடு விழித்திருந்து கணக்கு வைத்திருக்கின்றது. கணினியின் நிலையும் இதுவே. அதனுள்ளே இரண்டு மணிக்கூடுகள் இருக்கின்றன. ஒன்று, கணினி இயங்கும்போது மட்டும் இயங்குவது. இதனை முறைமை நேரம் என்பர். 1970ஆம் ஆண்டு ஜனவரி 1ஆந் திகதி உலகப் பொது நேரப்படி நள்ளிரவு தொடங்கி எத்தனை விநாடிகள் கழிந்தன என்று எண்ணி வருவது யுனிக்ஸ், லினக்ஸ் முதலிய இயங்குதளங்களின் வழக்கம். விநாடியின் மிகச் சிறு கூறுகளையும் இது பகுத்துக் கூறவல்லது. ஆயினும் மின்சாரம் நின்ற கணத்தில் இவ்வெண்ணிக்கை முழுவதும் மறைந்துபோகும்.

மற்றையது வன்பொருள் மணிக்கூடு. தாய்ப்பலகையின் ஒரு மூலையிலே, நாணயம் போன்ற சிறு மின்கலத்தின் துணையோடு, கணினி அணைந்திருக்கும்போதும் இது ஓடிக்கொண்டிருக்கும். பெரும்பாலான கணினிகளில் உள்ள மின்கலத்தின் இலக்கம் 2032. இவ்விலக்கமே அதன் அளவுமாகும்: குறுக்களவு 20 மில்லிமீற்றர், தடிப்பு 3.2 மில்லிமீற்றர். இதன் அருகே குவாட்ஸ் என்னும் பளிங்கின் மெல்லிய துண்டொன்று உண்டு. அது விநாடிக்கு 32,768 முறை அதிர்கின்றது. இந்த எண்ணை ஏன் தெரிந்தெடுத்தனர்? இதனைப் பதினைந்து முறை இரண்டால் வகுத்துப் பாருங்கள், ஒன்று எஞ்சும். பதினைந்து முறை பாதியாக்கும் எளிய சுற்றொன்று இருந்தால், ஒரு விநாடிக்கு ஒரு துடிப்பு கிடைத்துவிடுகின்றது. நம்மிற் பலர் கையிற் கட்டும் மணிக்கூட்டினுள்ளும் இதே பளிங்குதான் அதிர்கின்றது.

கணினி விழிக்கும்போது, இயங்குதளம் முதலிற் செய்யும் பணிகளுள் ஒன்று இந்தச் சிறு மணிக்கூட்டைப் பார்ப்பதாகும். ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், விநாடி ஆகியவற்றைப் படித்து, அவற்றை விநாடி எண்ணிக்கையாக மாற்றி, முறைமை நேரத்தை அதற்கேற்ப நிறுத்துகின்றது. அதன் பின்னர், சிறு மணிக்கூட்டை அடிக்கடி கேட்பதில்லை. தன் எண்ணிக்கையையே நம்பி நடக்கின்றது. சிறு மணிக்கூட்டைப் படிப்பது மெதுவான வேலை; அன்றியும் அது முழு விநாடிகளையே கூறும். ஆகவே, காலை வேளையில் ஒரே ஒரு முறை நிகழும் இந்தக் கைமாற்றத்தின்மீதே அன்றைய நாட் பதிவுகள் எல்லாம் தங்கியிருக்கின்றன.

அக்கைமாற்றத்திலும் அவதானம் வேண்டும். மணி 7, நிமிடம் 59, விநாடி 59 என்று இருக்கின்றது எனக் கொள்வோம். மணியைப் படித்து 7 என்று குறித்த மறுகணமே மணிக்கூடு எட்டுக்கு மாறி, நிமிடமும் விநாடியும் சுழியாகிவிட்டால், படித்தவன் 7 மணி 0 நிமிடம் என்று எழுதிக்கொள்வான். ஒரு மணி நேரம் களவு போய்விடும். இதனைத் தடுக்கவே, "நான் இப்போது மாறிக்கொண்டிருக்கின்றேன், சற்றுப் பொறு" என்று கூறும் அடையாளம் ஒன்றை அச்சில்லினுள் அமைத்திருக்கின்றனர்.

இவ்வசதி தொடக்கத்திலேயே இருந்ததன்று. 1981இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட தனிநபர் கணினியில் இத்தகைய மணிக்கூடு இல்லை. ஒவ்வொரு முறை இயக்கும்போதும் அது திகதியையும் நேரத்தையும் மனிதரிடமே கேட்டது. பலர் சலிப்புற்று ஒன்றும் எழுதாது பொத்தானை அழுத்தினர். அவர்களுடைய கோப்புகள் எல்லாம் 1980 ஜனவரி 1ஆந் திகதியைப் பெற்றன. 1984இல் வந்த ஏ.ரி. என்னும் வகையிலே, மோட்டோரோலா நிறுவனத்தின் மணிக்கூட்டுச் சில்லும் மின்கலமும் சேர்க்கப்பட்டன. அச்சில்லு ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களையே வைத்திருந்தது. 2000ஆம் ஆண்டு நெருங்கியபோது உலகம் பட்ட கவலையின் ஒரு பங்கு இங்கிருந்து பிறந்ததே.

இனி, நமது நாட்டோடு நேரே தொடர்புடைய ஒரு வினாவுக்கு வருகின்றேன். அந்தச் சிறு மணிக்கூடு எந்த நேரத்தைக் காட்ட வேண்டும்? இலங்கை நேரத்தையா, உலகப் பொது நேரத்தையா? சில்லினுள்ளே எண்கள் மட்டுமே உண்டு. அவை எந்நாட்டு நேரம் என்று அது கூறாது. விண்டோஸ் இயங்குதளம் வழக்கமாக உள்ளூர் நேரத்தையே அதில் வைக்கின்றது. லினக்ஸ் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தை வைத்து, திரையிற் காட்டும்போது மட்டும் ஐந்தரை மணியைக் கூட்டிக்கொள்கின்றது. ஒரே கணினியில் இரண்டையும் நிறுவியோர் இதனால் இடர்ப்படுவர். விண்டோஸ் எழுதிவைத்த காலை 8 மணியை லினக்ஸ் உலக நேரம் என்று கொண்டால், திரையிலே பிற்பகல் 1.30 என்று தோன்றும். மணிக்கூட்டிற் பழுதில்லை; இருவரும் ஒரே சொல்லுக்கு இரு பொருள் கொண்டதே பழுது. ஆகையால், எந்த நேரத்தை வைத்திருக்கின்றோம் என்பதை லினக்ஸ் சிறு கோப்பொன்றிலே குறித்து வைக்கும் வழக்கமும் உண்டு.

இவ்விரண்டில் எது சிறந்தது? நமது நாட்டின் அனுபவமே விடை கூறும். 1996ஆம் ஆண்டு மே 25ஆந் திகதி இலங்கையின் நேரம் ஒரு மணி முன்னே தள்ளப்பட்டது. அவ்வாண்டு ஒக்டோபர் 26ஆந் திகதி அதில் அரை மணி குறைக்கப்பட்டது. 2006 ஏப்ரல் 15ஆந் திகதி மீண்டும் அரை மணி குறைத்துப் பழைய ஐந்தரை மணிக் கணக்குக்கே திரும்பினோம். பத்தாண்டுக்குள் மூன்று மாற்றங்கள்! உள்ளூர் நேரத்தில் ஓடிய ஒவ்வொரு கணினியின் மணிக்கூட்டையும் மூன்று முறை திருப்ப வேண்டியிருந்தது. நேரத்தைப் பின்னே திருப்பிய இரவுகளில் ஒரே அரை மணி இருமுறை வந்தது. அந்த அரை மணியில் எழுதிய பதிவுகளுள் எது முந்தியது, எது பிந்தியது என்று அறிவது எவ்வாறு? உலகப் பொது நேரத்தில் ஓடும் மணிக்கூட்டுக்கோ இத்தொல்லை எதுவுமில்லை. நாட்டின் கணக்கு மாறினாலும் கூட்டும் எண்ணை மாற்றினாற் போதும். ஊருக்கு ஊர் மாறும் நேரத்தைத் திரையோடு நிறுத்தி, மாறாத நேரத்தை உள்ளே வைப்பதே அறிவுடைமை என்பது என் துணிபு.

சிறு மணிக்கூடு நம்பிக்கைக்கு உரியதேயெனினும், குற்றமற்றதன்று. வெப்பத்தாலும் முதுமையாலும் பளிங்கின் அதிர்வு சற்றே பிறழும். நாளொன்றுக்கு ஒன்றே முக்கால் விநாடி பிறழ்ந்தாலும் ஆண்டு முடிவில் பத்து நிமிடத்துக்கு மேலாகும். வானொலியில் நேரம் அறிவிக்கும்போது வீட்டு மணிக்கூட்டைத் திருத்திக்கொள்ளும் வழக்கம் நம்மிடம் உண்டன்றோ? கணினிகளும் அவ்வாறே இணையத்தின் வழியே நேரம் கேட்டுத் திருந்துகின்றன. இதற்கான ஒழுங்கை 1980களில் வகுத்தவர் அமெரிக்கப் பேராசிரியர் டேவிட் மில்ஸ். அவ்வாறு திருந்திய நேரத்தைக் கணினி சிறு மணிக்கூட்டுக்கும் எழுதிக் கொடுத்துவிடுகின்றது. காலையிற் பெற்ற கடனைத் திருத்தத்தோடு மீளக் கொடுப்பது போன்றது இது.

"இணையம் இருக்க மின்கலம் எதற்கு?" என்று கேட்போர் உளர். பாதுகாப்பான இணையத்தளம் ஒவ்வொன்றும் தொடக்கத் திகதியும் முடிவுத் திகதியும் உள்ள சான்றிதழ் ஒன்றைக் காட்டுகின்றது. தன் நேரம் பத்தாண்டு பிந்தியுள்ள கணினி, "இச்சான்றிதழ் இன்னும் பிறக்கவில்லை" என்று கூறிக் கதவை அடைத்துவிடும். இணைப்பு இல்லாத சிற்றூர்களிலோ கேட்பதற்கே ஆளில்லை. ரஸ்பெரி பை என்னும் மலிவான சிறு கணினியில், 2023இல் ஐந்தாம் வகை வரும்வரை இம்மணிக்கூடு இருக்கவில்லை. ஆகவே, அணையும்போது கடைசி நேரத்தைக் கோப்பொன்றில் எழுதிவைத்து, விழித்ததும் அதிலிருந்து தொடங்கும் உபாயம் ஒன்றைக் கையாண்டனர். அதனால் நேரம் பின்னோக்கி ஓடவில்லை. ஆனால் உறங்கிய காலம் கணக்கில் வரவில்லை.

மீண்டும் அந்த அடைவு நிலையத்துக்குச் செல்வோம். கணினி மின்னிணைப்பில் இருக்கும் வரை மணிக்கூட்டுக்கு அங்கிருந்தே மின் கிடைக்கும். ஆதலால் மின்கலம் தளர்ந்தது எவருக்கும் தெரியவில்லை. விடுமுறைக்காக இணைப்பைக் கழற்றியபோதே அது கைவிட்டது. புதிய மின்கலம் ஒன்றை இட்டு, திகதியைத் திருத்தி, அம்மையாருக்கு வேறு சீட்டு எழுதிக் கொடுத்தனர். அவர் அதையும் ஒருமுறை வாசித்த பின்னரே எழுந்து சென்றார்.

நேயர்களே, உங்கள் பணிமனையிலோ பாடசாலையிலோ நீண்ட நாள் அணைந்திருந்த கணினியை இயக்க நேர்ந்தால், எழுதத் தொடங்குமுன் திரையின் மூலையிலுள்ள திகதியை ஒருமுறை பாருங்கள். அது பிழையாயின், மின்கலத்தை மாற்றுவியுங்கள். அது சிறு செலவு. பிழையான திகதியோடு வெளிச் சென்ற பத்திரங்களைத் தேடித் திருத்துவதோ பெருந் தொல்லை.