துணையிருந்தால் மீளலாம்



பட்டமளிப்பு விழா மேடைகளில் சொல்லப்படும் அறிவுரைகளில் மிகப் பழையது, “மன உறுதியோடு இருங்கள்” என்பது. நல்ல அறிவுரைதான். ஆனால் அதைப் பாதியிலேயே நிறுத்திவிடுகிறோம். அந்த உறுதி எங்கிருந்து வருகிறது, நொந்துபோன மனம் எதைப் பற்றிக்கொண்டு எழுகிறது என்று யாரும் சொல்வதில்லை. அதனால் தடுமாறும் பிள்ளை, ‘எல்லோருக்கும் இருக்கிறது, எனக்கு மட்டும் இல்லை போலிருக்கிறது’ என்று தன்னையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக்கொள்கிறது. மீண்டெழும் ஆற்றலில் பெரும்பங்கு, சுற்றியிருக்கும் மனிதர்களும் நிறுவனங்களும் சட்டமும் சேர்ந்து ஒருவருக்குக் கட்டித் தருவது என்பதே இன்று நான் உங்கள் முன் வைக்க வந்த கருத்து. நாளை முதல் அதைக் கட்டித் தர வேண்டியவர்கள் இன்று பட்டம் பெறும் நீங்கள் என்பதால்தான் இதை உங்களிடம் சொல்கிறேன்.

நம் மலேசிய நாட்டின் நிலையிலிருந்து தொடங்குகிறேன். சுகாதார அமைச்சின் தேசிய ஆய்வு 2019இல் நடந்தபோது, பெரியவர்களில் 2.3 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு இருந்தது. 2023இல் அது 4.6 விழுக்காடு, ஏறக்குறைய பத்து லட்சம் பேர். 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளில் 16.5 விழுக்காட்டினருக்கு, அதாவது ஆறில் ஒருவருக்கு, ஏதோ ஒரு மனநலச் சிக்கல் இருப்பதையும் அதே ஆய்வு காட்டியது. முன்பு மறைத்தவர்கள் இப்போது வாய்திறந்து சொல்வதும் இந்த ஏற்றத்துக்கு ஒரு காரணமாக இருக்கலாம். ஆனாலும் நான்கே ஆண்டுகளில் ஒரு நாட்டு மக்களின் குணம் திடீரென்று தளர்ந்துவிடாது. இடையில் மாறியது வாழ்க்கை. 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. வேலை போனது, பள்ளி மூடியது, சாவு வீட்டுக்குக்கூடப் போக முடியாத நாள்கள் வந்தன. மனிதருக்கு மனிதர் இருந்த துணை அறுந்தபோது மனமும் அறுந்தது என்றால், அந்தத் துணையை மீண்டும் முடிச்சுப் போடுவதுதானே மருந்தின் முதல் பாதி?

இதற்கு நீண்ட காலச் சான்று ஒன்று உண்டு. ஹவாயின் காவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் நாற்பது வயது வரை தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, குடும்பச் சண்டை, பெற்றோரின் குடி அல்லது மனநோய் எனப் பல சுமைகளோடு வளர்ந்த பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கினர், அன்பும் தன்னம்பிக்கையும் உள்ள பெரியவர்களாக வளர்ந்திருந்தார்கள். இயல்பான சுபாவத்துக்கும் அதில் பங்கு இருந்தது. ஆனால் அவர்கள் வாழ்வில் மறுபடி மறுபடி தென்பட்டது வேறொன்று: பாட்டியோ, அக்காவோ, ஆசிரியரோ, பக்கத்து வீட்டுக்காரரோ, கைவிடாத ஒரு பெரியவர் இருந்தார். பதின்ம வயதில் தடம் புரண்ட மற்றப் பிள்ளைகளிலும் பெரும்பாலோர் முப்பதுகளில் மீண்டுவிட்டார்கள். மறுபடி படிக்க ஓர் இடம், நிலையான வேலை, நல்ல வாழ்க்கைத்துணை என்று இரண்டாவது வாய்ப்பு ஏதாவது ஒன்று அவர்களுக்குத் திறந்திருந்தது.

பினாங்குக்காரர்களான நமக்கு இது புதிய செய்தியாக இருக்க முடியாது. தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குக் காவடி எடுத்துப் போகிறவரைப் பாருங்கள். நேர்த்திக்கடன் அவருடையது, வலியும் அவருடையது. ஆனால் அவர் தனியாக நடப்பதில்லை. முன்னால் ஒருவர் வழி விலக்குகிறார். ஒருவர் கையில் தண்ணீர். பின்னால் ஒரு தம்பி ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வருகிறார். கால் தளரும்போது காவடிக்காரர் அதில் உட்காருகிறார், யாரோ அவர் பாதங்களைப் பிடித்துவிடுகிறார்கள், மறுபடி எழுகிறார். வழிநெடுகத் தண்ணீர்ப் பந்தல்கள் இருக்கின்றன. வருகிறவர் யார், என்ன இனம் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. வழியில் உட்கார்ந்தார் என்பதற்காக அவருடைய பக்தியை யாரும் குறைத்துச் சொன்னதில்லை. வெயிலில் நடக்கும் உடலுக்கு நாம் காட்டும் இந்தப் பரிவை, நொந்த மனத்துக்கு மட்டும் ஏன் மறுக்கிறோம்?

“எங்கள் தாத்தா பாட்டி இதைவிடப் பெரிய துன்பத்தைத் தாங்கினார்களே, அவர்களுக்கு எந்த மனநல ஆலோசகர் இருந்தார்?” என்று கேட்கும் பெரியவர்கள் இந்த அவையிலேயே இருக்கலாம். நியாயமான கேள்வி. செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களும், துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களும் பட்ட பாட்டுக்கு அளவில்லை. ஆனால் அவர்கள் தாங்கிய விதத்தையும் பார்க்க வேண்டும். லயத்து வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. ஒரு வீட்டு அழுகை அடுத்த வீட்டில் கேட்கும், கேட்டதும் ஆள் வரும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகரத்து அடுக்குமாடிகளுக்கு வந்தபோது, வீடு உயர்ந்தது, கதவு மூடிக்கொண்டது. இன்னொன்று: தாங்கியவர்களின் கதை மட்டும்தான் நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது. கள்ளுக்கடையில் கரைந்தவர்கள், பேசாமலே ஒடுங்கிப்போன பெண்கள் ஆகியோரின் கணக்கை யாரும் எழுதி வைக்கவில்லை.

“அப்படியானால் குடும்பமும் கோவிலும் போதுமே, மருத்துவர் எதற்கு?” என்பது அடுத்த கேள்வி. போதாது. மனச்சோர்வும் மனச்சிதைவும் நோய்கள். நீரிழிவுக்கு மருந்து எடுப்பதுபோல இவற்றுக்கும் எடுக்க வேண்டும். மருத்துவத்தை விட்டு நம்பிக்கையை மட்டும் பிடித்துக்கொண்டால் எங்கே போய் முடியும் என்பதைத் தமிழ்நாட்டின் தர்கா ஊரான ஏர்வாடி காட்டியது. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் ஓட முடியாமல் இறந்தார்கள். அதே தமிழ்நாட்டில்தான் டாக்டர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் ‘ஸ்கார்ஃப்’ அமைப்பைத் தொடங்கி, மனச்சிதைவு உள்ளவர்களுக்குச் சிகிச்சையோடு தொழிற்பயிற்சியும் குடும்பத்தாருக்கு ஆலோசனையும் ஒரே இடத்தில் கிடைக்கச் செய்தார். நோய் தணிவது ஒரு கட்டம். மறுபடி வேலைக்குப் போய், சம்பளம் வாங்கி, வீட்டில் நாலு பேரில் ஒருவராக உட்காருவது இன்னொரு கட்டம். இரண்டாவது கட்டத்துக்கு மருத்துவரும் வேண்டும், உறவும் வேண்டும். “உன்னைத் தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்ப வேண்டும்” என்று இன்றும் நாம் ஏசுகிறோமே, அந்தச் சொல் எத்தனை பேரைச் சிகிச்சைக்குப் போகவிடாமல் தடுத்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். 1911 முதல் அந்த ஊரின் மனநல மருத்துவமனை நோயாளிகளைப் பராமரித்து வருகிறது. ஊர்ப் பெயரை வசைச்சொல்லாக்கியது நாம்.

விதிகளும் ஒரு மனிதரைத் தாங்கும். தற்கொலைக்கு முயன்று உயிர் பிழைத்தவரை ஓராண்டு வரை சிறைக்கு அனுப்ப நம் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு இடம் கொடுத்தது. உதவி கேட்டால் காவல் நிலையம் வருமோ என்ற அச்சத்தோடு யார் வாய் திறப்பார்கள்? 2023இல் நாடாளுமன்றம் அந்தப் பிரிவை நீக்கியது. தமிழ்நாட்டில், பொதுத்தேர்வில் தவறிய பிள்ளைகள் ஓராண்டை இழக்காமல் சில வாரங்களிலேயே மறுபடி எழுதும் துணைத் தேர்வுக்காக, தற்கொலைத் தடுப்புப் பணி செய்யும் ‘சினேகா’ அமைப்பின் நிறுவனர் டாக்டர் லட்சுமி விஜயகுமார் வாதாடினார். தேர்வு அட்டவணையில் ஒரு மாற்றம், ‘எல்லாம் முடிந்தது’ என்று நினைக்கும் பதினேழு வயதுப் பிள்ளைக்கு ‘அடுத்த மாதம் பார்க்கலாம்’ என்ற காலத்தைக் கொடுக்கிறது.

கடைசியாக ஒரு மறுப்பு: “எல்லாப் பொறுப்பையும் சமூகத்தின் மேல் போட்டால் தனிமனித முயற்சிக்கு என்ன இடம்?” முயற்சிக்குப் பெரிய இடம் உண்டு. நேரத்துக்குத் தூங்குவது, மருந்தை விடாமல் எடுப்பது, எழ மனமில்லாத காலையிலும் எழுந்து குளிப்பது எல்லாம் அவரவர்தான் செய்ய வேண்டும். அவற்றில் கடினமானது வாய்திறந்து உதவி கேட்பது. கேட்பதை எளிதாக்கினால் மனிதர்கள் கேட்கிறார்கள் என்பதை 2021இன் நடுவில் நாடே பார்த்தது. அரிசி இல்லாத வீடுகளின் சன்னலில், உதவி வேண்டும் என்பதற்கு அடையாளமாக, வெள்ளைத் துணி கொடியாகத் தொங்கியது. முன்பின் தெரியாதவர்கள் பையோடு வந்து நின்றார்கள். கொடி கட்டியவரைச் சோம்பேறி என்று ஏசுவதை விட்டு, என்ன வேண்டும் என்று கேட்டார்கள். ஜிம்பாப்வேயில் டாக்டர் டிக்சன் சிபாண்டா இதையே மனநலத்தில் செய்தார். பயிற்சி பெற்ற பாட்டிமார் சுகாதார நிலைய வளாகத்தில் மரப்பெஞ்சில் அமர்ந்து, வருகிறவர் பேசுவதைக் கேட்டு, ஒரு சிக்கலுக்கு அவரே ஒரு வழி காண உதவினார்கள். அவர்களிடம் போனவர்களுக்கு ஆறு மாதத்தில் மனச்சோர்வு மற்றவர்களைவிட நன்கு குறைந்திருந்ததை 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. தனிமனித முயற்சியும் சமூகத் துணையும் எதிரெதிர்த் தட்டுகள் அல்ல என்பதற்கு அந்த பெஞ்சே சான்று.

மாணவச் செல்வங்களே, உங்களில் சிலர் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் மேற்பார்வையாளராவீர்கள். இரவு வேலை முடித்து வருகிறவர் மூன்று நாளாக யாரோடும் பேசவில்லை என்பதைக் கவனிப்பதும் உங்கள் வேலை என்று கொள்ளுங்கள். ஆசிரியராகப் போகிறவர்கள், தவறிய பிள்ளைக்கு மறுவாய்ப்புக் கொடுக்க விதியில் இடமிருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் அதற்காகக் குரல் கொடுங்கள். நிர்வாகத்துக்குப் போகிறவர்கள், மனநலத்துக்காக விடுப்பு எடுத்துத் திரும்புகிறவரின் நாற்காலியை அவருக்காகவே வைத்திருங்கள். உங்களுக்கே மனம் கனத்துப் போகும் நாள் வந்தால், பட்டம் வாங்கியவருக்கு இது ஆகுமா என்று தயங்காமல் நண்பரிடம் சொல்லுங்கள், மருத்துவரிடம் போங்கள், சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசி எண் 15555ஐ அழையுங்கள். பெற்றோர்களே, அப்படிச் சொல்லும் பிள்ளையிடம் “நாலு பேருக்குத் தெரிந்தால் என்ன ஆகும்” என்று கேட்காமல், “வா, சேர்ந்து போவோம்” என்று சொல்லுங்கள். இன்று நீங்கள் பெறும் பட்டத்தோடு இந்தப் பொறுப்பையும் ஏற்றுக்கொள்ளுங்கள். தாங்கப்பட்டவர்களாகவும் தாங்குகிறவர்களாகவும் நீண்ட காலம் நலமோடு வாழ உங்கள் அனைவரையும் வாழ்த்துகிறேன்.