நிறம் காட்டாத கட்டி

தோல் புற்றுநோய் என்றதும் பலருக்கும் கறுத்துப் பரவும் மச்சம்தான் நினைவுக்கு வரும். 1985-ல் நியூயார்க் பல்கலைக்கழக மருத்துவர்கள் வகுத்த விதியும் அதையொட்டியதே: ஒத்துப்போகாத இரு பாதி, ஒழுங்கில்லாத விளிம்பு, பல நிறம், 6 மில்லிமீட்டரைத் தாண்டிய அகலம். நல்ல விதிதான். ஆனால் அதற்குப் பிடிபடாத ஒரு மெலனோமா உண்டு.

மேனிக்கு நிறம் தரும் செல்களில் உருவாகும் புற்றுநோய் மெலனோமா. சில கட்டிகளில் அந்தச் செல்கள் நிறமியை உண்டாக்கும் திறனையே இழந்துவிடும். அப்போது கட்டி இளஞ்சிவப்பாகவோ தோலின் நிறத்திலேயோ, வழவழவென்று உருண்டு நிற்கும். துண்டு உரசினாலே ரத்தம் கசியும். வலி இருக்காது என்பதால் பரு, மரு என்று விட்டுவிடுகிறார்கள். உள்ளங்காலில் வந்தால் கால் ஆணி அல்லது ஆறாத சர்க்கரைப் புண். நகத்தடியில் வந்தால் நகச்சுத்து. மாதக்கணக்கில் களிம்பு தடவியே காலம் போகிறது.

கறுத்த மேனிக்கு மெலனோமா அரிது. வந்தால் பெரும்பாலும் கால்களில்தான். ஜமைக்கப் பாடகர் பாப் மார்லிக்கு 1977-ல் அது கண்டறியப்பட்டது கால் பெருவிரல் நகத்தடியில். 1981-ல், 36 வயதில் இறந்தார்.

மெர்கெல் செல் புற்றுநோய் என்ற இன்னொரு தோல் புற்றுநோயும் கறுப்பதில்லை. சிவப்பாக, வலியில்லாமல், வாரக்கணக்கில் விறுவிறுவென வளரும். 2023-ல் அமெரிக்கப் பாடகர் ஜிம்மி பஃபெட்டின் உயிரைப் பறித்தது இதுதான்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? ஆஸ்திரேலிய மருத்துவர்கள் மூன்று கேள்வி கேட்கச் சொல்கிறார்கள். மேடாக இருக்கிறதா? தொட்டால் கெட்டியாக இருக்கிறதா? ஒரு மாதத்துக்கும் மேலாக வளர்ந்துகொண்டே போகிறதா? மூன்றுக்கும் ‘ஆம்’ என்றால், நிறம் எதுவானாலும் தோல் மருத்துவரிடம் உடனே காட்ட வேண்டும்.

மரத்துப்போக ஊசி போட்டு, சிறிது சதை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவதே பயாப்சி. கத்தி பட்டால் நோய் பரவிவிடும் என்ற பயம் நம்மிடையே இன்னும் போகவில்லை. அதற்கு ஆதாரம் இல்லை. உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது: மரு என்று நினைத்துக் கட்டியைச் சுட்டு எரித்துவிடுவது. எரித்த பிறகு சோதிக்க எதுவும் மிஞ்சாது. ஆகவே, சந்தேகமான கட்டியை எடுக்கும்போது, “இதை லேபுக்கு அனுப்புவீர்களா டாக்டர்?” என்று நோயாளியே தயங்காமல் கேட்கலாம்.