தீப்பொறியும் கண்மணியும்



வீட்டுக் கராஜில் வெல்டிங் பழகும் சகோதரர்கள் நம் சபையில் பெருகிவிட்டீர்கள். மகிழ்ச்சி. தூபால்காயீன் காலந்தொட்டு இரும்பு வேலை மதிப்பான வேலைதான். ஆனால் ஒரு தாதியாக நான் ஒன்று சொல்ல வேண்டும்.

ஒருநாள் நள்ளிரவில் ஒரு தகப்பன் தன் மகனைத் தூக்கிக்கொண்டு வந்தார். கண்ணுக்குள் மணலைக் கொட்டியதுபோல் பிள்ளை துடித்தான். பகலில் அப்பா முகமூடி போட்டு வெல்டிங் செய்தார்; மகன் பக்கத்தில் நின்று வெறுங்கண்ணால் பார்த்தான். அப்போது வலிக்கவில்லை. புறஊதாக் கதிர் சுட்ட கண், பல மணி நேரம் கழித்துத்தான் வலிக்கும்.

வெயில் கண்ணாடி போதாது. மின்வில் வெல்டிங்குக்கு 10 முதல் 13 வரை எண்ணுள்ள கண்ணாடி பூட்டிய முகமூடி வேண்டும். பருத்தி உடையும் தோல் கையுறையும் அணியுங்கள். நைலோன் உருகி ஒட்டும். துத்தநாகம் பூசிய இரும்பைத் தொடாதீர்கள். அதன் புகை குளிர்காய்ச்சல் தரும். வேலை முடிந்ததும் அரை மணி நேரம் அங்கேயே இருங்கள்; ஒளிந்த பொறி பிறகும் பற்றும்.

பிள்ளைகளே, நீல வெளிச்சம் தெரிந்தால் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குள் ஓடுங்கள். கண் எரிந்தால் கசக்காமல் உடனே அம்மாவிடம் சொல்லுங்கள்.

தேவகிருபையால் அந்த மகன் இரண்டு நாளில் சுகமானான். தகப்பன் இப்போது இரண்டு முகமூடி வைத்திருக்கிறார்.