தொட்டிச் செடிக்குக் கரைசல் உரம்

வயலுக்கு வாங்கின யூரியாவிலே மிச்சமான ஒரு பிடியை, திண்ணையோரம் தொட்டியில் இருக்கிற மல்லிகைக்கும் போட்டுவிடுவது நம்மில் பலருக்கு வழக்கம். நாலு நாளில் இலை ஓரம் கருகி, செடி துவண்டுவிடும். வயலில் வேர் விலகி ஓட இடமுண்டு. தொட்டிக்குள் ஏது இடம்? உப்பு மிகுந்தால், வேர் தண்ணீர் குடிப்பது போக, வேரில் இருக்கிற தண்ணீரையே மண் இழுத்துக்கொள்ளும்.

தொட்டிக்குக் கரைசல்தான் ஏற்றது. கால் கிலோ கடலைப் புண்ணாக்கை இரண்டரை லிட்டர் தண்ணீரில், மண்பானையிலே ஊற வையுங்க. கொசு அண்டாமல் துணியால் வேடு கட்டி, தினம் ஒரு தரம் குச்சியால் கலக்கி விடுங்க. நாலைந்து நாளில் புளித்துவிடும். நாற்றம் வரத்தான் செய்யும்; கொல்லைப் பக்கமாக வையுங்க, வீட்டுப் பெண்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டாம்! தெளிவை வடித்து, ஒரு பங்குக்குப் பத்து பங்கு தண்ணீர் சேர்க்க வேண்டும். தொட்டிக்கு அரை லிட்டர், 15 நாளைக்கு ஒரு தரம் போதும்.

காய்ந்த மண்ணில் ஊற்றாதீர்கள். முதலில் வெறும் தண்ணீர். ஈரம் ஊறிய பிறகே கரைசல். தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருந்தால் உப்பு தங்கிவிட்டது என்று அர்த்தம். அப்போது உரத்தை நிறுத்தி, அடித்துளை வழியே நன்றாக வடிகிற வரை நல்ல தண்ணீர் விடுங்க. துளை அடைபட்டிருந்தால் முதலில் அதைக் குத்தி விடணும்.

யூரியாதான் போடுவேன் என்கிறவர்கள், லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிராமுக்கு மேல் கரைக்கக் கூடாது. புதிதாக நட்ட செடிக்கு எதுவும் வேண்டாம். துளிர் கண்ட பிறகு ஆரம்பிக்கலாம்.