தரவரிசையும் தரமும்: மலாயாப் பல்கலைக்கழகம் தரும் பாடம்



ஓர் அரசுப் பல்கலைக்கழகம் தன் தரவரிசையை எவ்வாறு உயர்த்திக்கொள்ளலாம் என்பது இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள். இது துணைவேந்தர்களும் அமைச்சகமும் பேசவேண்டியது, தமிழ் கற்பிப்போர்க்கும் கற்போர்க்கும் இதில் என்ன பங்கு என்று சிலர் எண்ணக்கூடும். நம் நாட்டின் மூத்த பல்கலைக்கழகமான மலாயாப் பல்கலைக்கழகத்தின் அண்மைக்கால வரலாற்றைப் பார்த்தால் அந்தப் பங்கு விளங்கும்.

2004ஆம் ஆண்டில், இலண்டனிலிருந்து வெளிவரும் டைம்ஸ் உயர்கல்வி இதழ், கியூ.எஸ். நிறுவனத்தின் துணையோடு, உலகப் பல்கலைக்கழகங்களின் தரவரிசையை முதன்முறையாக வெளியிட்டது. மலாயாப் பல்கலைக்கழகம் அதில் 89ஆம் இடத்தைப் பெற்றது. உலகின் முதல் நூற்றுக்குள் வந்துவிட்டோம் என்று வளாகத்தில் பதாகைகள் எழுந்தன. மறு ஆண்டே அது 169ஆம் இடத்திற்கு இறங்கியது. ஓராண்டில் ஆசிரியர்களும் மாறவில்லை, ஆய்வுக்கூடங்களும் மாறவில்லை. கணக்கு மாறியது. அந்தத் தரவரிசையில் அயல்நாட்டு ஆசிரியர்களுக்கு 5 விழுக்காடும் அயல்நாட்டு மாணவர்களுக்கு 5 விழுக்காடும் மதிப்பெண் உண்டு. 2004இல் மலேசியச் சீனரும் மலேசிய இந்தியரும் அயல்நாட்டவராக அந்தக் கணக்கில் சேர்ந்திருந்தனர். 2005இல் அப்பிழை திருத்தப்பட்டதே சரிவுக்கு முதன்மையான காரணம் என்று விளக்கப்பட்டது.

இச்செய்தி நம்மைச் சிந்திக்க வைக்கவேண்டும். இந்நாட்டில் பிறந்து, இந்நாட்டுப் பள்ளிகளில் பயின்று, தகுதியால் பல்கலைக்கழகத்தினுள் நுழைந்த நம் பிள்ளைகள் அயலாராக எண்ணப்பட்டபோது நிறுவனத்தின் பெருமை கூடியது. குடிமக்களாக எண்ணப்பட்டபோது அது குறைந்தது. எண்களை மட்டும் நம்பி மகிழ்வதன் ஆபத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று வேறில்லை.

பின்னர் நடந்ததையும் காண்போம். 2010இல் அப்பல்கலைக்கழகம் கியூ.எஸ். பட்டியலில் 207ஆம் இடத்தில் இருந்தது. அக்காலத்தில் நிருவாகம் ஆய்வு வெளியீட்டை வலியுறுத்தியது. தரமான பன்னாட்டு இதழ்களில் எழுதுவது ஆசிரியர்களின் கடமையாயிற்று. படிப்படியாக ஏறி, 2018இல் வெளியான பட்டியலில் 87ஆம் இடத்தை அடைந்தது. பிழைக் கணக்கால் ஒரே நாளில் கிடைத்த இடத்தை உழைப்பால் எட்ட 14 ஆண்டுகள் ஆயின. அதன்பின் ஏற்றம் நிலைத்தது. 2025ஆம் ஆண்டுக்கான பட்டியலில் 60ஆம் இடம் கிட்டியது.

உள்நாட்டு மதிப்பீடுகளும் இதே பாடத்தைத் தருகின்றன. மலேசியத் தகுதி நிறுவனம் நடத்திய செத்தாரா மதிப்பீடு 2009இல் பல்கலைக்கழகங்களை ஒன்று, இரண்டு என்று வரிசைப்படுத்தாமல் ஆறு அடுக்குகளாக வகைப்படுத்தியது. இளங்கலைப் பட்டக் கல்வியின் கற்றல் கற்பித்தலை அது அளந்தது. ஆய்வுப் பணியை அளக்க மைரா என்னும் தனி மதிப்பீடு உண்டு. கற்பித்தலில் சிறந்த நிறுவனமும் ஆய்வில் சிறந்த நிறுவனமும் ஒன்றாகவே இருக்கவேண்டும் என்பதில்லை. ஆகவே, தரம் உயர்த்த விரும்பும் பல்கலைக்கழகம், தான் எதில் பின்தங்கியுள்ளது என்பதை முதலில் நேர்மையாகக் கண்டறிதல் வேண்டும்.

இனிச் செய்யத்தக்கவை மூன்றினைக் கூற விழைகிறோம்.

முதலாவது, பதிவுகளைச் செம்மைப்படுத்துதல். மேற்கோள்களைக் கணக்கிட கியூ.எஸ். நிறுவனம் ஸ்கோபஸ் என்னும் தரவுத்தளத்தைப் பயன்படுத்துகிறது. நம்மவர்க்குக் குடும்பப்பெயர் இல்லை. தந்தை பெயரே முன்னெழுத்தாகவோ பின்பெயராகவோ நிற்கிறது. ஒருவரே ஒரு கட்டுரையில் தம் பெயரையும், மற்றொன்றில் தந்தை பெயரையும் முதன்மையாக எழுதினால், தரவுத்தளம் அவரை இரண்டு ஆசிரியர்களாகக் கொள்கிறது. ஓர்க்கிட் என்னும் 16 இலக்க அடையாள எண்ணைப் பெற்று, பெயரையும் பல்கலைக்கழகத்தின் பெயரையும் எப்போதும் ஒரே வடிவில் எழுதினால் இக்குறை நீங்கும். இதற்குப் பணம் தேவையில்லை, ஒழுங்கு போதும்.

இரண்டாவது, ஆசிரியர் எண்ணிக்கை. ஆசிரியர் மாணவர் விகிதத்திற்கு 2004இல் 20 விழுக்காடு மதிப்பெண் இருந்தது. இப்போது 10 விழுக்காடு உள்ளது. மதிப்பெண் குறைந்தாலும் தேவை குறையவில்லை. ஓய்வுபெற்றோர் இடத்தை நிரப்பாத துறையில் எஞ்சியோர் வகுப்புச் சுமையிலேயே தேய்கின்றனர். ஆய்வுக்கு அவர்களுக்கு நேரம் ஏது? மாணவரின் ஆய்வேட்டை வரிவரியாகப் படித்துத் திருத்த ஆசிரியர் இருந்தால்தான் நல்ல ஆய்வாளர் உருவாவர்.

மூன்றாவது, நற்பெயர். 2024ஆம் ஆண்டுக்கான பட்டியல் முதல், அறிஞர்களின் கருத்துக்கு 30 விழுக்காடும் பணி வழங்குவோர் கருத்துக்கு 15 விழுக்காடும் தரப்படுகின்றன. ஏறத்தாழப் பாதி மதிப்பெண் பிறர் நம்மைப் பற்றி என்ன நினைக்கின்றனர் என்பதைப் பொறுத்தது. அதை விளம்பரத்தால் ஈட்ட இயலாது. 1966ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் நடைபெற்றது. அதை முன்னின்று நடத்திய தனிநாயகம் அடிகளார், மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையின் பேராசிரியர். அன்று கியூ.எஸ். பட்டியல் கிடையாது. எனினும் பல நாட்டு அறிஞர்கள் இங்கு வந்து ஆய்வுரை படித்தனர். அவ்வுரைகள் நூலாக அச்சேறின. தமிழாய்வு உலகில் அத்துறையின் பெயர் நிலைபெற்றது. நற்பெயர் ஈட்டும் வழி இதுவே.

இறுதியாக, தமிழாய்வின் நிலை. தமிழில் எழுதப்படும் கட்டுரைகளில் பெரும்பாலானவை மேற்கோள் தரவுத்தளங்களில் இடம்பெறுவதில்லை. அதனால் தமிழில் எழுதுவதே வீண் என்று இளம் ஆய்வாளர் சிலர் கருதத் தொடங்கியுள்ளனர். இக்கருத்தை நாம் ஏற்கவில்லை. தமிழைப் பற்றிய ஆய்வு தமிழில் நிகழாவிட்டால் மொழிக்கு ஆய்வுநடையே இராது. தமிழிதழ்களைக் காலந்தவறாமல் வெளியிடுவோம். கட்டுரையாளரின் பெயர் அறியாத அறிஞர் இருவரிடமேனும் காட்டித் திருத்துவோம். ஒவ்வொரு கட்டுரைக்கும் ஆங்கிலச் சுருக்கம் சேர்ப்போம். இணையத்தில் எவரும் படிக்கத் திறந்து வைப்போம். தரவுத்தளங்கள் எதிர்பார்ப்பவையும் இவைதாம். நல்ல ஆய்விதழுக்கு எக்காலத்தும் வேண்டியவையும் இவைதாம்.

பள்ளி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். சான்று காட்டி வாதிடவும், பிறர் கருத்தை அவர் பெயரோடு எடுத்தாளவும் ஐந்தாம் படிவத்திலேயே மாணவர்களைப் பழக்குங்கள். மாணவச் செல்வங்களே, பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் இடத்தை மட்டும் பாராதீர்கள். உங்கள் துறையில் யார் கற்பிக்கிறார்கள், என்ன எழுதியிருக்கிறார்கள், நூலகம் எத்தகையது என்று வினவுங்கள். நீங்கள் பட்டம் பெற்று வெளியே வந்து ஆற்றும் பணியே அப்பல்கலைக்கழகத்தின் பெயராக நாளை எண்ணப்படும். அந்தக் கணக்கில் நீங்கள் அயலார் அல்லர்.