13 ஆண்டுகள் நான்கு வயது



வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் பெப்பா பிக்கைத் தெரியாமல் இருக்க முடியாது. சேற்றுக் குட்டையைக் கண்டால் விடாமல் குதிக்கிற பன்றிக்குட்டி. அதற்கு 13 ஆண்டுகள் குரல் கொடுத்தவர் ஹார்லி பேர்ட் என்ற ஆங்கிலேயப் பெண். அவருடைய நடிப்பைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். ஒரு குழந்தை குழந்தையாகப் பேசியது, அதில் நடிப்பு எங்கே இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். நிறையவே இருக்கிறது என்பது என் எண்ணம்.

இந்தத் தொடர் 2004 மே மாதம் பிரிட்டனின் சேனல் ஃபைவில் தொடங்கியது. நெவில் ஆஸ்ட்லியும் மார்க் பேக்கரும் உருவாக்கியது. ஒரு கதைக்கு ஐந்தே நிமிடம். முதல் இரண்டு பருவங்களில் வேறு இரண்டு சிறுமிகள் பெப்பாவாகப் பேசினார்கள். மூன்றாவதாக வந்த ஹார்லிக்கு அப்போது ஐந்து வயது. வசனத் தாளைக் கையில் கொடுத்தாலும் படிக்கத் தெரியாது. ஒவ்வொரு வரியையும் சொல்லிக் கொடுக்க, கேட்டு மனதில் வாங்கிப் பேசியிருக்கிறார்.

கார்ட்டூன் குழந்தைகளுக்குப் பெரியவர்கள் பேசுவதுதான் பொதுவான வழக்கம். சிம்ப்ஸன்ஸ் தொடரில் பார்ட் என்ற பொல்லாத பையனுக்குப் பேசுபவர் நான்ஸி கார்ட்ரைட் என்ற பெண்மணி. நம் சினிமாவிலும் குழந்தை நட்சத்திரங்களுக்கு டப்பிங் பேசியவர்களில் பலர் வளர்ந்த பெண்கள்தான். அதில் வசதி உண்டு. பெரியவர்கள் நேரத்துக்கு வருவார்கள், சொன்னதைச் செய்வார்கள், குரலும் உடையாது. ஆனால் பெரியவர் பேசும் மழலையில் கொஞ்சம் கொஞ்சல் கூடிவிடும். குழந்தை தன்னை அழகானது என்று நினைத்துக்கொண்டு பேசுவதில்லை, அல்லவா? பெப்பாவைப் படைத்தவர்கள் நிஜக் குழந்தையைத் தேர்ந்தெடுத்தது அதனால்தான் பலித்தது. அம்மாவாகப் பேசிய மார்வென்னா பேங்க்ஸ், அப்பாவாகப் பேசிய ரிச்சர்ட் ரைடிங்ஸ், கதை சொல்லும் ஜான் ஸ்பார்க்ஸ் எல்லோரும் தேர்ந்த கலைஞர்கள். தாத்தாவாகப் பேசிய டேவிட் கிரஹாம், அறுபதுகளில் வந்த தண்டர்பேர்ட்ஸ் தொடரில் பார்க்கர் என்ற பாத்திரத்துக்குக் குரல் கொடுத்தவர். இத்தனை பேருக்கும் நடுவில் கதை முழுவதையும் தாங்க வேண்டியது அந்தச் சிறுமியின் குரல்.

பெப்பாவின் முகத்தைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். பக்கவாட்டில் வரைந்த ஒரு மூக்கு, ஒரே பக்கத்தில் இரண்டு கண்கள், ஒரு கன்னப் பொட்டு, ஒரு வாய்க்கோடு. சிரிப்புக்கும் முகச்சுளிப்புக்கும் அந்தக் கோடு சற்று வளையும், அவ்வளவுதான். பொறாமையோ ஏமாற்றமோ அசட்டுப் பெருமையோ அந்த முகத்தில் எழுதியிருக்காது. குரல்தான் சொல்ல வேண்டும். நம் டப்பிங் கலைஞர்கள் திரையில் அசையும் உதட்டைப் பார்த்து அதற்கேற்பப் பேசுகிறார்கள். இந்த வகைக் கார்ட்டூனில் குரலைத்தான் முதலில் பதிவு செய்வார்கள். அதைக் கேட்டுத்தான் வாயசைவு போடுவார்கள். பிடித்துக்கொள்ளப் படம்கூட இல்லாமல் பேசுகிறது குழந்தை.

ஒரே ஒரு காட்சியைச் சொல்கிறேன். பெப்பா விசில் அடிக்கப் பழகும் கதை. அப்பாவுக்கு வருகிறது, அம்மாவுக்கு வருகிறது, பேசவே சரியாகத் தெரியாத தம்பி ஜார்ஜுக்கும் வந்துவிடுகிறது. பெப்பாவுக்கு மட்டும் வெறும் காற்றுதான். மனம் நொந்து, தோழி சூசி என்ற ஆட்டுக்குட்டிக்குப் போன் செய்கிறாள். உனக்கு விசில் வருமா? வராது என்கிறாள் சூசி. பெப்பாவின் குரலில் அப்படியே ஒரு நிம்மதி பொங்குகிறது. உடனே நாகரிகம் நினைவுக்கு வர, உனக்கு வராதது வருத்தம்தான் என்று ஒப்புக்குச் சேர்த்துக்கொள்கிறாள். அந்த இரண்டாம் பாதியில் வருத்தம் ஒரு துளிகூட இல்லை. இல்லாமல் பேசியிருப்பதுதான் நேர்த்தி. எப்படி அடிப்பது என்று சூசி கேட்க, உதட்டைக் குவித்து ஊதினால் போதும் என்று வாத்தியார் தோரணையில் விளக்குகிறாள். மறுமுனையில் முதல் முயற்சியிலேயே விசில் கேட்கிறது. பெப்பா ஒரு வார்த்தையும் பேசாமல் போனை வைத்துவிடுகிறாள்.

அந்தக் காட்சி சில விநாடிகள்தான். நிம்மதி, ஒப்புக்கு ஒரு வருத்தம், அதிகாரம், தோல்வி என்று நான்கு நிலைகள் அதற்குள் வந்து போகின்றன. எதையும் ஹார்லி அழுத்திக் காட்டவில்லை. தேர்ந்த நகைச்சுவை நடிகர்களே இந்த இடத்தில் ஒரு பெருமூச்சைச் சேர்த்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

2011-ல் சிறந்த நடிப்புக்கான பிரிட்டனின் குழந்தைகள் பாஃப்டா விருது ஹார்லிக்குக் கிடைத்தது. முகம் தெரியாமல் பெற்ற விருது அது. 2013-ல் கெவின் மெக்டொனால்ட் இயக்கிய ‘ஹவ் ஐ லிவ் நவ்’ படத்தில் முகம் காட்டியும் நடித்தார். போரில் சிக்கிய இங்கிலாந்தில் சர்ஷா ரோனனோடு நாட்டுப்புறம் வழியே நடந்து செல்லும் சிறுமி பைப்பராக. அங்கேயும் குரலில் அதே கூச்சமில்லாத நேர்மை இருந்தது.

ஆனால் ஹார்லி வளர்ந்துகொண்டே இருந்தார், பெப்பாவின் வயதோ நான்கைத் தாண்டாது. என் காதுக்கு, ஆரம்பப் பருவங்களில் மூச்சு வாக்கியத்தின் நடுவே தீர்ந்துபோகும், சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும். பிற்காலத்தில் உச்சரிப்பு தெளிந்து, உறுமலும் சிரிப்பும் சரியான இடத்தில் வந்து உட்காருகின்றன. தேர்ச்சி கூடியது, தற்செயலின் அழகு குறைந்தது. எனக்கு ஆரம்பப் பருவங்கள்தான் அதிகம் பிடிக்கும். ஆனால் பிற்காலத்தில்தான் உழைப்பு அதிகம் என்பதையும் சொல்லியாக வேண்டும். தன் குரல் கனத்துக்கொண்டிருக்கும் பருவத்தில், ஐந்து வயதில் இயல்பாக வந்ததைப் பதினேழு வயதில் நினைத்து நினைத்து உண்டாக்குவது லேசான வேலையா?

2020-ன் தொடக்கத்தில், 18 வயதில், 185 கதைகளுக்குப் பிறகு ஹார்லி விலகினார். ஒன்பது வயது அமெலி பீ ஸ்மித் அந்த இடத்துக்கு வந்தார். நன்றாகப் பழகிவிட்ட 18 வயதுப் பெண்ணையே தொடரச் சொல்லியிருக்கலாம். மறுபடியும் ஒரு குழந்தையையே தேடிப் பிடித்தது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

வாய்ப்புக் கிடைத்தால் ஹார்லியின் ஆரம்பக் கதை ஒன்றையும் கடைசிக் கதைகளில் ஒன்றையும் படத்தைப் பார்க்காமல், வானொலி நாடகம் கேட்பதுபோல் கேட்டுப் பாருங்கள். மூச்சு எங்கே முறிகிறது, சிரிப்பு எந்தச் சொல்லில் தொடங்குகிறது என்பதைக் கவனியுங்கள்.